கொடைக்கானலுக்கு வண்டியைக் குறைத்தால் மட்டும் போதாது, பஸ்ஸைக் கூட்ட வேண்டும்

கொடைக்கானல் செல்லும் சுற்றுலா வண்டிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த கட்டுப்பாட்டை, மதுரையில் இயங்கும் எங்கள் பயணிகள் அமைப்பு முழுமனதாக ஆதரிக்கிறது. 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் வார நாட்களுக்கு 4,000 வண்டி, வார இறுதிக்கு 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. இதை நீக்கச் சொல்வோரின் பக்கம் நாங்கள் இல்லை. ஆனால் இது பாதி வேலைதான்.

1845இல் அமெரிக்கன் மதுரை மிஷன் பாதிரியார்கள் சமவெளியின் வெக்கைக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வீடு கட்டிக்கொண்ட ஊர் இது. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ் 1863இல் ஏரியை உருவாக்கினார். அப்போது மேலே போனவர்கள் நடந்தோ, குதிரையிலோ, கூலியாட்கள் சுமந்த நாற்காலியிலோதான் போனார்கள். ஊரின் உட்சாலைகள் அந்தப் போக்குவரத்துக்கு அமைந்தவை. ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் பள்ளம், அகலப்படுத்த இடமில்லை. மே மாத ஞாயிறன்று மூஞ்சிக்கல்லிலும் ஏழுரோடு சந்திப்பிலும் கார்கள் தேங்கினால், ஆம்புலன்ஸும் அதே வரிசையில்தான் நிற்கிறது.

காரில் நாலு பேர் என்று வைத்தால், ஐம்பது பேருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கார்கள் வேண்டும். பஸ் என்றால் ஒன்று போதும். அரசுப் பேருந்துக்கு உச்சவரம்பும் இல்லை. எனவே கோடை மூன்று மாதங்களும் ஆரப்பாளையத்திலிருந்து விடிகாலையில் கூடுதல் பஸ்களை விட வேண்டும். மாலையில் திரும்புவோருக்கு இடம் உறுதியாகும்படி முன்பதிவும் வேண்டும். காரில் வருவோர் வத்தலக்குண்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டு ஏற, அங்கே காவலுள்ள நிறுத்துமிடமும் இணைப்புப் பஸ்ஸும் தேவை. முதியோர், மாற்றுத்திறனாளிகள் வரும் வண்டிகளுக்கு இதில் விலக்கு தரலாம்.

ஊருக்குள் போனபின் கார் எதற்கு? பஸ் நிலையத்திலிருந்து கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா, ஏரி எல்லாமே நடக்கும் தூரம். ஏரியைச் சுற்றினால் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், குழந்தைகளும் நடப்பார்கள். தூண் பாறை, பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போக நேரம் தவறாத சுற்றுப் பஸ் வேண்டும்.

உள்ளூர் டாக்சி ஓட்டுநர்களின் பிழைப்பு கெடும் என்ற அச்சத்தை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியூர்க் கார் கீழே நின்றால், மேலே அவர்களுக்குத்தான் சவாரி கூடும் என்பது எங்கள் கணிப்பு. பஸ் நேரத்தையும் நிறுத்தங்களையும் முடிவு செய்யும்போது அவர்களையும் விடுதிக்காரர்களையும் அழைத்துப் பேசியாக வேண்டும்.

1985இல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும்வரை கொடைக்கானல் மதுரை மாவட்டத்து ஊர். இன்றும் வெயில் ஏறினால் மதுரைக்காரர் முதலில் நினைப்பது அந்த மலையைத்தான். அதன் நெரிசலில் நமக்கும் பங்குண்டு. அரசு ஏற்பாடு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த விடுமுறைக்கு மலையேறுவோர் காரை வீட்டில் விட்டுவிட்டு, ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுங்கள்.