கரகம் தர்காவுக்குப் போகும் பாதை

2022 ஏப்ரல் 16, சைத்திர மாதப் பௌர்ணமி. அன்று மாலை டெல்லி ஜஹாங்கீர்புரியில் அனுமன் ஜெயந்தி ஊர்வலம் ஒரு மசூதியைக் கடந்து சென்றபோது வன்முறை வெடித்தது. நான்கு நாட்கள் கழித்து, உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்ன பிறகும், புல்டோசர்கள் அங்கே ஏழைகளின் கடைகளை இடித்துக்கொண்டிருந்தன. அதே பௌர்ணமி இரவில் கர்நாடகத்தின் ஹூப்ளியில், சமூக ஊடகப் பதிவு ஒன்றினால் எழுந்த கொந்தளிப்பில், பழைய ஹூப்ளி காவல் நிலையம் தாக்கப்பட்டது. அதே இரவில் பெங்களூருவின் பழைய பேட்டையில், தர்மராய சுவாமி கோயிலிலிருந்து நள்ளிரவுக்குப் பின் புறப்பட்ட திரௌபதி கரகம், உருவிய வாள்களோடு வந்த வீரக்குமாரர்கள் புடைசூழ, காட்டன்பேட்டையிலுள்ள தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று, மரியாதை பெற்று, தன் வழியே சென்றது.

மூன்றாவது இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் போனது எப்படி என்பதுதான் இங்கே கேள்வி. ஏனெனில் நடப்பதற்கான ஏற்பாடுகள் எல்லாம் அந்த ஆண்டு தயாராகவே இருந்தன.

பிப்ரவரியில் ஹிஜாப் அணிந்த மாணவிகளுக்குக் கல்லூரிக் கதவுகள் மூடப்பட்டன. மார்ச்சில் கடலோரக் கர்நாடகத்தின் கோயில் திருவிழாக்களில் முஸ்லிம் வணிகர்கள் கடை போடக் கூடாது என்ற தட்டிகள் முளைத்தன. யுகாதிக்கு மறுநாள், கன்னட வீடுகளில் இறைச்சி சமைத்து உண்ணும் 'ஹொசதொடகு' நாளைக் குறிவைத்து ஹலால் புறக்கணிப்பு அழைப்பு வந்தது. ஏப்ரல் 9 அன்று தார்வாடு நுக்கிகேரி ஆஞ்சநேயர் கோயில் வளாகத்தில் ஒரு முதிய முஸ்லிம் வணிகரின் தர்பூசணிகள் தரையில் வீசி உடைக்கப்பட்டன. சிதறிக் கிடந்த அந்தச் சிவப்புச் சதையை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இவற்றின் தொடர்ச்சியாகத்தான், கரகம் தர்காவுக்குப் போகக் கூடாது என்று சில இந்துத்துவ அமைப்புகள் கிளம்பின.

கோயில் தரப்பு மறுத்தது. வழிவழியாக வரும் பாதை மாறாது என்றது. தர்கா தரப்பினர் கோயிலுக்கே வந்து, வழக்கம்போல் கரகம் வர வேண்டும் என்று அழைத்துச் சென்றனர். அவ்வளவுதான். பெரிய மாநாடு இல்லை, நல்லிணக்கப் பேரணி இல்லை, மனிதச் சங்கிலி இல்லை. ஊர்வலத்துக்கு உரியவர்கள் அதை இரவல் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

கரகம் யாருடைய விழா என்று தெரிந்தால் இந்த மறுப்பின் வலிமை விளங்கும். அது திகளர் சமூகத்தின் விழா. திகளர்கள் தோட்டக்காரர்கள். பூவும் காய்கனியும் பயிரிட்டு நகரத்துக்கு ஊட்டியவர்கள். ஹைதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாக் தோட்டத்தின் பின்னணியிலும் அவர்களுடைய உழைப்பு பேசப்படுகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும். ஆகவே கரகச் சடங்குகள் ஏரி, குளங்களைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. அந்த ஏரிகளுள் ஒன்றான சம்பங்கி ஏரி இன்று கந்தீரவா விளையாட்டரங்கமாகிவிட்டது. எஞ்சியிருப்பது சடங்குக்கான ஒரு சிறு குளம். தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் கெம்பேகவுடா பேருந்து நிலையம் நிற்கிறது. தோட்டம் போயிற்று, ஏரி போயிற்று. ஆண்டுக்கு ஒருமுறை, ஏரி இருந்த இடத்தைக் கரகம் மட்டும் தேடிப் போகிறது. ஸ்மிருதி ஸ்ரீநிவாஸ் 2001இல் வெளியிட்ட ஆய்வு நூல் கரகத்தை இந்த நகர நினைவோடு சேர்த்தே படிக்கிறது. பெருநகர வளர்ச்சியின் பெயரால் யாருடைய நிலமும் நீரும் எடுத்துக்கொள்ளப்பட்டன என்ற கணக்கு இந்த விழாவுக்குள் இருக்கிறது. ஆன்மிகச் சுற்றுலா விளம்பரங்களில் அது இடம்பெறுவதில்லை.

கரகம் செல்லும் தெருக்களும் அப்படித்தான். கும்பாரப்பேட்டை குயவர்களுடையது, காணிகரபேட்டை செக்காட்டிகளுடையது, அக்கிப்பேட்டை அரிசிக்கு, உப்பாரப்பேட்டை உப்புக்கு. தொழிலே தெருவுக்குப் பெயராக நின்ற ஊர் அது. சாதிப் பிரிவினையும் அதே பெயர்களில் உறைந்திருக்கிறது என்பதை மறந்துவிட்டு ஏங்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு தொழில் இன்னொன்றின்றி நடவாது என்ற நடைமுறை உண்மையும் அங்கே உண்டு. சிக்பேட்டையில் விற்கும் பட்டுச் சேலையைப் பாருங்கள். மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்ப்பவர் பெரும்பாலும் இந்து விவசாயி. ராமநகரத்திலும் சிட்லகட்டாவிலும் கூட்டிலிருந்து நூல் எடுப்பவர்களில் பெரும்பகுதியினர் முஸ்லிம்கள். நெய்பவர் வேறொரு சமூகத்தவர், விற்பவர் மற்றொருவர். முஸ்லிம்களோடு வணிகம் வேண்டாம் என்பவர்கள் இந்தச் சேலையை எந்த இடத்தில் வெட்டுவார்கள்?

தவக்கல் மஸ்தான் தர்காவில் கரகம் நிற்பதற்குப் பேட்டையில் வழங்கும் கதைகளுள் ஒன்று இது: ஊர்வலக் கூட்டத்தில் சிக்கிக் காயமுற்ற மஸ்தானுக்குக் கரகப் பூசாரி மஞ்சளும் குங்குமமும் இட்டுக் காயத்தை ஆற்றினார், கரகம் ஆண்டுதோறும் தம் இடத்துக்கு வர வேண்டும் என்று மஸ்தான் கேட்டுக்கொண்டார். வரலாற்றுச் சான்று கேட்டால் கதை தடுமாறும். ஆனால் கதை சொல்லும் செய்தி கவனிக்கத்தக்கது. காயம் ஊர்வலத்தால் ஏற்பட்டது என்பதை அது மறைக்கவில்லை. 'நாங்கள் எப்போதும் ஒற்றுமையாகவே இருந்தோம்' என்று அது பொய் சொல்லவில்லை. காயம் பட்டது, மருந்திட்டோம், அந்த இடத்தில் நின்று போகிறோம் என்கிறது.

இங்கே தமிழ் வாசகர்களுக்கு ஒரு செய்தி. கன்னடத்தில் 'திகள' என்ற சொல்லே தமிழரைக் குறிக்கப் பயன்பட்ட சொல். 'கரகம்' என்ற சொல்லோ தொல்காப்பிய மரபியலிலேயே இருக்கிறது, அந்தணரின் நீர்க்கலத்துக்கு. திரௌபதி அம்மன் வழிபாடு செஞ்சி வட்டாரத்தில் இன்றும் செழித்திருக்கிறது. ஆகவே கரகம் தமிழருடையது என்று சிலர் மார்தட்டுவதுண்டு. பெங்களூருவின் கரகம் கன்னட மண்ணின் விழாவே என்று எதிர்த்தரப்பு சீறுவதுமுண்டு. சொல்லாராய்ச்சி இரு தரப்புக்கும் போதிய தீனி போடும். ஆனால் கரகத்தைச் சுமப்பவர்கள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் தெருக்களில் வாழ்கிறவர்கள். அவர்களிடம் போய் உரிமைப் பத்திரம் கேட்பது, தர்காவுக்குப் போகாதே என்பவர்கள் செய்யும் வேலையின் மொழிவாரிப் பதிப்பு.

இதற்கு மாறாக, பன்முகப் பண்பாட்டைக் கொண்டாடுவதாகச் சொல்லும் வேறு வகை நிகழ்ச்சிகளுக்கும் பெங்களூருவில் குறைவில்லை. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் 'எத்னிக் டே' நடக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஓணமும் பொங்கலும் தீபாவளியும் மேடையேறுகின்றன. ஒருவர் உடையை மற்றவர் உடுத்திப் பார்ப்பதிலும் ஒருவர் சமையலை மற்றவர் உண்பதிலும் தீங்கொன்றும் இல்லை. ஏளனம் செய்யவும் தேவையில்லை. ஆனால் அந்தக் குடியிருப்பில் வாடகைக்கு வீடு கேட்டு வரும் முஸ்லிம் குடும்பத்துக்கு என்ன பதில் கிடைக்கிறது, பாத்திரம் கழுவ வரும் பெண் எந்த மின்தூக்கியில் ஏற வேண்டியிருக்கிறது என்ற கேள்விகள் அந்த மேடைக்கு வருவதில்லை.

அரசு விழாக்களின் நிலை இன்னும் சிக்கலானது. 2017இல் கவிஞர் நிசார் அகமது மைசூரு தசராவைத் தொடங்கிவைத்தார். 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற பானு முஷ்தாக் அதே விழாவைத் தொடங்கிவைக்க அழைக்கப்பட்டபோது, பாஜகவினர் எதிர்த்தனர், வழக்கு தொடுக்கப்பட்டது. செப்டம்பர் 15 அன்று கர்நாடக உயர் நீதிமன்றமும் 19 அன்று உச்ச நீதிமன்றமும் வழக்கைத் தள்ளுபடி செய்தன. 22 அன்று அவர் விழாவைத் தொடங்கிவைத்தார். அரசமைப்பின் முகவுரையை நினைவூட்டிய நீதிமன்றத்தைப் பாராட்டலாம். அந்த எட்டு ஆண்டுகளில் கர்நாடகம் எவ்வளவு தூரம் பின்னுக்கு இழுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் இதே நிகழ்வு காட்டுகிறது. அழைத்தது அரசு, ஆகவே ஆட்சி மாறினால் அழைப்பும் மாறும். கரகத்தைத் தர்காவுக்கு அழைத்தவர்கள் எந்த ஆட்சியையும் நம்பி அழைக்கவில்லை. அப்போது ஆட்சியிலிருந்தது பாஜக.

மதச்சார்பற்றதெனத் தன்னை அழைத்துக்கொள்ளும் ஆட்சியின் கைவண்ணத்தையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில் முஸ்லிம் வணிகர்களுக்கு விதிக்கப்பட்ட தடையைச் சட்டமன்றத்தில் நியாயப்படுத்திய பாஜக அமைச்சர், அறநிலையத் துறையின் 2002ஆம் ஆண்டு விதியைத்தான் எடுத்துக்காட்டினார். கோயிலுக்கு அருகிலுள்ள சொத்துகளை இந்து அல்லாதோருக்குக் குத்தகைக்கு விடக் கூடாது என்பது அந்த விதி. 2002இல் கர்நாடகத்தை ஆண்டது காங்கிரஸ். நடைபாதையில் பழம் விற்பவருக்கும் கோயில் சொத்துக் குத்தகைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஆயுதத்தைத் தீட்டி அலமாரியில் வைத்துவிட்டுப் போனவர்கள் யார் என்பதும் பதிவாக வேண்டும்.

கரகத்தைப் புகழ்ந்துவிட்டு நின்றுவிடுவது எளிது, ஆபத்தும் கூட. திரௌபதி பெண், அவளாகக் கோலம் பூண்டு கரகம் சுமப்பவர் ஆண், காவல் வரும் வீரக்குமாரர்களும் ஆண்கள். பரம்பரை உரிமையும் சாதி வரம்பும் அதற்குள் உண்டு. மேலும், கரகம் ஆண்டுதோறும் தர்காவில் நின்று சென்ற இதே நகரத்தில்தான், 1991 டிசம்பர் 11 அன்று காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும், 12, 13 தேதிகளில் தமிழ்க் கூலித் தொழிலாளர்களின் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளோடு ஓசூர் சாலையைப் பிடித்தனர். இதே நகரத்தில்தான் 1994 அக்டோபரில், தூர்தர்ஷனில் பத்து நிமிட உருதுச் செய்தி ஒளிபரப்பானதற்காக மூண்ட கலவரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2016 செப்டம்பரில் மீண்டும் காவிரியின் பெயரால் பேருந்துகள் கும்பலாக எரிந்தன. ஒரு தெருவின் வழக்கம் அந்தத் தெருவைக் காக்கும். நகரத்தைக் காக்க அது போதாது.

வழக்கம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. சிக்கமகளூரு மலைமேல் பாபா புடன்கிரி எந்தக் காலத்திலும் இரு மதத்தாரும் வழிபட்ட தலம். தத்தாத்ரேயரும் தாதா ஹயாத்தும் அங்கே ஒரே குகையில் இருந்தனர். அதைத் 'தென்னாட்டு அயோத்தி' ஆக்குவோம் என்று சங் பரிவார் கிளம்பியபோது, இடதுசாரிகளும் தலித் அமைப்புகளும் எழுத்தாளர்களும் சேர்ந்து உருவாக்கிய கோமு சௌஹார்த வேதிகே களமிறங்கியது. 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூருவில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட கௌரி லங்கேஷ் அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர். நீண்ட, தீரமான போராட்டம் அது. ஆனாலும் 2022 டிசம்பர் தத்த ஜெயந்தியின்போது அரசு நியமித்த இந்து அர்ச்சகர்கள் அங்கே பூசை செய்தார்கள். பேட்டையில் ஊர்வலம் அங்கேயே வாழ்ந்து அங்கேயே தொழில் செய்யும் மக்களின் கையில் இருந்தது. மலையில் அப்படி ஒரு நெருக்கமான தெரு இல்லை. பேருந்துகளில் வந்திறங்கும் கூட்டமும் கோப்புகளில் கையெழுத்திடும் அதிகாரிகளும் முடிவு செய்ய முடிந்தது. 2025 பிப்ரவரியில் திருப்பரங்குன்றத்தை முன்வைத்து மதுரையில் கூட்டம் திரட்டியவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். உள்ளூர் மக்கள் மலையடிவாரத்தில் எப்படி வாழ்கிறார்கள் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. வெளியிலிருந்து எத்தனை பேரைக் கொண்டுவரலாம் என்பதே கணக்கு.

பகுத்தறிவு வழிவந்த தோழர்கள் சிலரிடம் திருவிழா என்றாலே ஒரு தயக்கம் இருக்கிறது. சடங்குக்குள் கட்சிக்கு என்ன வேலை என்கிறார்கள். சடங்குக்குள் வேலை இல்லைதான். பூசாரிக்கு வாள் பிடிக்கவோ தர்காவில் சாம்பிராணி போடவோ எந்தத் தோழரையும் எவரும் அழைக்கவில்லை. ஆனால் திருவிழா என்பது சடங்கு மட்டுமன்று. அது கடை, கூலி, பந்தல், பூ, மின்விளக்கு, தண்ணீர், துப்புரவு. ஓர் இரவுக்கு மல்லிகை தொடுக்கும் பெண்கள், விடிந்ததும் தெருவைப் பெருக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள், வளையலும் பொம்மையும் விற்கும் தள்ளுவண்டிக்காரர்கள் ஆகியோரே விழாவின் பெரும்பகுதி. இவர்களுக்குச் சங்கம் இருக்கிறதா, அந்தச் சங்கத்தில் எல்லா மதத்தவரும் இருக்கிறார்களா என்பது கட்சியின் வேலை. சாலையோர வணிகர் சட்டம் 2014 நகர விற்பனைக் குழுக்களில் குறைந்தது 40 விழுக்காடு இடங்களை வணிகர்களின் சொந்தப் பிரதிநிதிகளுக்குத் தருகிறது; அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. எந்தத் திருவிழாவில் எந்த மதத்தவர் கடை போடலாம் என்று தட்டி வைப்பவர்களுக்கு அந்தச் சட்டத்தில் ஓரிடமும் இல்லை. நுக்கிகேரியில் தர்பூசணி உடைபட்டபோது அந்த முதியவருக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் எத்தனை பேர் எழுந்து நின்றிருப்பார்கள் என்பது, முந்தைய ஆண்டு அங்கே ஒரு சங்கம் இருந்திருந்தால் வேறு விடை பெற்றிருக்கக்கூடிய கேள்வி.

நுக்கிகேரிக்கு நான்கு நாட்களுக்குப் பின், ஏப்ரல் 13 அன்று, ஹாசன் மாவட்டம் பேலூரில் சென்னகேசவர் தேர் புறப்பட்டது. அங்கும் எதிர்ப்பு இருந்தது. மௌல்வி குர்ஆன் வசனம் ஓதிய பிறகே, வழக்கப்படி, வடம் பிடிக்கப்பட்டது.