அப்பாவின் சட்டைப் பையில் நம் சிம் கார்டு

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு ரோமிங் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலையேறிக் குமுளியில் கால் வைத்தால் போன் கேரள வட்டத்துக்குத் தாவிவிடும்; வந்த அழைப்பை எடுத்தாலும் காசு பிடிப்பார்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் போன சனம் மிஸ்டு காலிலேயே குடும்பம் நடத்திய காலம் அது. அந்தக் கட்டணம் ஒழிந்து வருஷமாகிறது. இன்று நம் சீனியர்கள் துபாய், தோஹா, சிங்கப்பூர் என்று பறக்கிறார்கள். அவர்களுடைய ரோமிங் விவகாரத்தில் போவது பத்து இருபது ரூபாய் அல்ல தோழர்களே, மொத்தச் சேமிப்பு!

டிப்ளமோ முடித்து வெளிநாடு கிளம்புகிறவனிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா, சான்றிதழ் அட்டெஸ்டேஷன் ஆச்சா, மெடிக்கல் முடிந்ததா என்று ஊரே கேட்கும். ஊறுகாய் பாட்டில் உடையாமலிருக்க அம்மா நாலு துணி சுற்றுவார். போனைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

நம் பக்கம் என்ன நடக்கிறது? அங்கே போனதும் புது சிம். நம்ம ஊர் சிம்மை என்ன செய்வது? வங்கிக்கு ஓ.டி.பி. வருமே! அதனால் அந்தச் சிம்மை அப்பாவின் பட்டன் போனில் போட்டுவிட்டுப் போகிறோம். பணம் அனுப்பும்போது அங்கிருந்து, "அப்பா, மெசேஜ்ல ஆறு நம்பர் வந்திருக்கும், வாசிங்க" என்கிறோம். அவரும் கண்ணாடியைத் தேடி எடுத்து வாசிக்கிறார்.

வசதிதான். ஆனால் இதைவிட ஆபத்தான பழக்கம் வேறில்லை என்பேன். எந்த ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லக்கூடாது என்று வங்கி ஒவ்வொரு செய்தியிலும் கெஞ்சுகிறதோ, அதைப் போனில் வாசித்துக் காட்ட நாமே அப்பாவுக்கு இரண்டு வருஷம் பயிற்சி கொடுக்கிறோம்! நாளைக்கு ஒருவன், "ஐயா, உங்க மகனோட ரூம்மேட் பேசுறேன், அவனுக்கு ஆக்சிடெண்ட்" என்று ஆரம்பித்தால் அவர் என்ன செய்வார்? பதறிப்போய் வாசித்துவிடுவார். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை என்ன சொன்னது தெரியுமா? வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத மோசடி என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டம் இல்லை. ஆனால் ரகசிய எண்ணைப் பகிர்ந்தது போன்ற நம் அசட்டையால் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் தலையில்தான்.

இன்னொரு வகை, சிம்மைக் கழற்றிப் பெட்டியில் போட்டு மறந்துவிடுவது. ரீசார்ஜ் இல்லாமல், பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் எண் செத்துப்போகும். செத்த எண்ணை 90 நாளாவது கழித்துத்தான் வேறு ஒருவருக்குத் தருவார்கள் என்று டிராய் சொன்னதை 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. ஆகவே விடுமுறைக்கு ஊர் வரும்போது நம் எண்ணை வேறு யாரோ வைத்திருக்கலாம். நம் வங்கியின் ஓ.டி.பி.யும் அவருக்கே போகும்.

வழி இல்லாமல் இல்லை. நம்ம ஊர் சிம்மை இரண்டாவது சிம்மாக நம் போனிலேயே வைத்துக்கொள்ளலாம். கிளம்புமுன் இன்டர்நேஷனல் ரோமிங்கை இயக்கி, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வைக்க வேண்டும். வெளிநாட்டில் வேலையில் சேர்ந்த பிறகு சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டுவதும் விதிப்படி சரியில்லை; என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். என்.ஆர்.ஐ. கணக்குகளுக்குப் பல வங்கிகள் வெளிநாட்டு எண்ணையே பதிந்துகொள்கின்றன. யு.பி.ஐ.க்கும் 2023 ஜனவரியில் பத்து நாட்டு எண்களுக்கு வழி திறந்தார்கள். அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர் அதில் உண்டு. குவைத்தும் பஹ்ரைனும் அந்தப் பத்தில் இல்லை.

சிம்முக்கு பின் நம்பர் போடுவதை நம் இ.சி.இ. பையன்களே செய்வதில்லை! போன் திருடு போனால் திருடன் ஸ்கிரீன் லாக்கோடு மல்லுக்கட்ட மாட்டான். சிம்மை உருவி வேறு போனில் போட்டு ஓ.டி.பி. வாங்குவான். பின் நம்பர் இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்து விபிஎன். அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்பு போகாது. பிள்ளை முகம் பார்க்க வேண்டுமே என்று ரூமில் யாரோ சொல்ல, இலவச விபிஎன் ஒன்றை இறக்குகிறார்கள். ஏக்கம் நியாயமானது, ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த இலவசம் எங்கிருந்து வருகிறது? நம் டேட்டா முழுக்க முகம் தெரியாதவனின் சர்வர் வழியாகப் போகிறது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை '911 எஸ்5' என்ற வலையைப் பிடித்தது. இலவச விபிஎன் மென்பொருளைக் கணினியில் போட்டவர்களின் இணைய முகவரிகள், ஏறத்தாழ 190 நாடுகளில் 1 கோடியே 90 லட்சம், மோசடிக்காரர்களுக்கு வாடகைக்குப் போயிருந்தன. திருடியது எவனோ, முகவரி நம்முடையது! அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி முகவரியை மறைத்துக் குற்றம் செய்தால் அபராதமே 5 லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகள் இருக்கின்றன. காசு கொஞ்சம் போனாலும் அதில் பேசலாம்.

ஏர்போர்ட் வைஃபையைத் தொட்டாலே பாஸ்வேர்டு போய்விடும் என்பது பழைய பயம். இன்று வங்கித் தளங்களும் செயலிகளும் குறியாக்கத்தோடுதான் ஓடுகின்றன. வைஃபைக்குள் நுழைய இமெயில் பாஸ்வேர்டோ கார்டு எண்ணோ கேட்டால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். உண்மையில் அந்த ஏர்போர்ட்டைவிட நம்ம ஊர் ஜெராக்ஸ் கடைதான் எனக்குப் பயம். விசா பிரிண்ட் எடுக்க அங்கே வாட்ஸ்அப் வெப் திறந்துவிட்டு, மூடாமல் ஓடி வந்தவர்கள் எத்தனை பேர்? போனில் 'லிங்க்டு டிவைசஸ்' போய்ப் பாருங்கள், தெரியாத கம்ப்யூட்டர் எதுவும் இருந்தால் வெளியேற்றுங்கள்.

வேலையே போன் வழியாக வருகிறதே, அதையும் சொல்லியாக வேண்டும். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவாடியில் மோசடி வேலையில் அடைக்கப்பட்டவர்களில் தமிழர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தார்கள். பத்தாவது முடித்த நமக்குக் குடியேற்ற அனுமதி முத்திரை தேவையில்லை. அதனால் நடுவில் நிறுத்திக் கேட்கிறவரும் இல்லை. ஏஜெண்டின் உரிமம் உண்மையா என்று இ-மைக்ரேட் தளத்தில் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணம் போய்விட்டால் 1930க்கு அழைக்கச் சொல்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து அந்த எண் கிடைக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். வீட்டிலிருப்பவர் உடனே அழைக்க வேண்டும். நாம் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிய வேண்டும். வங்கியின் வெளிநாட்டு அழைப்பு எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள், போனே தொலைந்தால் போனிலுள்ள எண் எதற்கு?

யூனியனுக்கு ஒரு கோரிக்கை. பிரிவு உபசார விழாவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைக்கிறோம், சந்தோஷம். அன்று காலை இரண்டு மணி நேரம் இ.சி.இ. லேபைத் திறந்துவிடுங்கள். இறுதியாண்டு மாணவர்கள் அப்பா அம்மாவின் போனையும் எடுத்து வரட்டும். முதலில் அவற்றைச் சரிபார்ப்போம்.