தலைக் கணக்கு

"ஜனங்கள் அதிகமாகிவிட்டார்கள்" என்ற வாக்கியத்துக்கு நமது தேசத்தில் உள்ள மவுசு வேறெந்த வாக்கியத்துக்கும் இல்லை. ரயிலில் உட்கார இடமில்லையா? ஜனங்கள் அதிகமாகிவிட்டார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லையா? படித்த பிள்ளைக்கு உத்தியோகம் கிடைக்கவில்லையா? எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். எல்லா நோய்க்கும் ஒரே காரணத்தைச் சொல்லும் வைத்தியரை நாம் சாதாரணமாக நம்புவதில்லை. இந்த விஷயத்தில் மட்டும் மறுபேச்சின்றித் தலையை ஆட்டிவிடுகிறோம்.

நமது பாட்டிமார்கள் வேறு விதமாகச் சொன்னார்கள்: "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்." ஒரு சாரார் பாரத்தைக் கணக்கின் மேல் போடுகிறார்கள், மற்றொரு சாரார் கடவுளின் மேல் போடுகிறார்கள். நடுவில் மனிதர் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறதே, அது யார் கண்ணிலும் படுவதில்லை.

ஜனப்பெருக்கத்தைப் பற்றிய பயத்துக்குச் சாஸ்திர அந்தஸ்து கொடுத்தவர் இங்கிலாந்தின் மால்தஸ் பாதிரியார். உணவு பெருகும் வேகத்தைவிட ஜனங்கள் பெருகும் வேகம் அதிகம் என்று 1798-ல் அவர் எழுதினார். அவர் 1805 முதல் 1834-ல் இறக்கும் வரையில் யாருக்குப் பாடம் சொன்னார் தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனியின் கலாசாலையில், நம்மை ஆளப் புறப்பட்ட இளைஞர்களுக்குத்தான்!

அந்தப் பாடத்தின் வாசனை நெடுநாள் நீடித்தது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியபோது, நிவாரண வேலையில் கல்லுடைத்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று ஸர் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். அதே காலத்தில் இந்தியாவின் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. 1877 ஜனவரி முதல் தேதியன்று டில்லியில் விக்டோரியா மகாராணியைச் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்து தர்பாரும் நடந்தது. பல லட்சம் பேர் மாண்டார்கள். பழி மழையின் மேலும், மாண்டவர்களின் எண்ணிக்கையின் மேலும் விழுந்தது.

1943-ல் வங்காளத்தில் சுமார் 30 லட்சம் பேர் பஞ்சத்துக்கும் அதைத் தொடர்ந்த நோய்களுக்கும் பலியானார்கள். அவ்வாண்டு அங்கிருந்த அரிசி, பஞ்சமில்லாத 1941-ஆம் ஆண்டின் அளவுக்குக் குறைந்ததல்ல என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-ல் எடுத்துக் காட்டினார். அரிசி இருந்தது, யுத்தகால விலையில் அதை வாங்கக் கூலிக்காரனிடம் காசில்லை. பட்டினிக்குக் காரணம் தலைகளின் எண்ணிக்கை அல்ல, மடியின் வறுமைதான்.

பயம் அத்துடன் ஓயவில்லை. 1970-களில் கோடிக்கணக்கானவர்கள் பட்டினியால் மடியப்போகிறார்கள் என்று 1968-ல் அமெரிக்கப் பேராசிரியர் பால் எர்லிக் ஆரூடம் சொன்னார். நடந்தது என்ன? 1951-ல் 36 கோடியாக இருந்த நமது ஜனத்தொகை இன்று ஏறக்குறைய நான்கு மடங்காகிவிட்டது. 1950-51-ல் சுமார் 5 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சலோ, 2022-23-ல் சுமார் 33 கோடி டன்னாகி, ஆறு மடங்குக்கும் மேலே போய்விட்டது. பாசனமும் புது விதைகளும் உழவனின் உழைப்பும் செய்த வேலை இது.

அப்படியானால் எத்தனை பேர் பிறந்தாலும் கவலையில்லை என்று நாம் சொல்லவில்லை. அந்த விளைச்சலுக்காக நிலத்தடி நீரை உறிஞ்சிவிட்டோம் என்பது வாஸ்தவம். பூமியின் பாரத்தைத் தலையெண்ணி மட்டும் அளக்க முடியாது என்பதும் அதே அளவு வாஸ்தவம். சராசரி அமெரிக்கர் ஒருவர் ஆண்டொன்றுக்கு வெளியிடும் கரியமில வாயு சுமார் 14 டன்; இந்தியர் வெளியிடுவது சுமார் 2 டன். ஏழு இந்தியர்களின் சுமையை ஒருவரே சுமத்தும்போது, கூட்டம் எந்த வீட்டில் அதிகம் என்று எப்படிச் சொல்வது?

பயம் பொல்லாத ஆலோசகன். 1976-77-ல், நெருக்கடி நிலையின் மறைவில், ஒரே வருஷத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை ஆபரேஷன் செய்யப்பட்டது. அவர்களில் பலர் பலாத்காரத்துக்கு உள்ளான ஏழைகள். 1977 மார்ச்சில் ஜனங்கள் ஓட்டுச் சீட்டினால் பதில் சொன்னார்கள். சீனா 1980 முதல் 2015 வரை ஒரு வீட்டுக்கு ஒரு குழந்தை என்று சட்டம் போட்டு அடக்கியது. இப்போது இன்னும் பெறுங்கள் என்று கெஞ்சுகிறது. 2022 முதல் அங்கே ஜனத்தொகை குறைந்துவருகிறது.

நமது நாட்டில் குடும்பம் எப்படிச் சிறுத்தது? ஆபரேஷன் முகாம்கள் இங்கும் இருந்தன. ஆனால் வீட்டுக்குள் மனத்தை மாற்றியவை வேறு. 1971-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்தன. 2020-ல் அது 28. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தால், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று பெற வேண்டியதில்லை அல்லவா? அடுத்தது பெண் கல்வி. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, பள்ளிக்கே போகாத பெண்களுக்குச் சராசரி 2.8 குழந்தைகள், பன்னிரண்டு வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்களுக்கு 1.8. தேசத்தின் சராசரி 2.0 என்றும், தமிழ்நாட்டின் சராசரி 1.8 என்றும் அதே ஆய்வு கூறுகிறது. ஜனத்தொகை நிலையாக நிற்க வேண்டிய அளவு 2.1. உலகம் முழுவதும்கூட 2080-களின் நடுவில் சுமார் 1,030 கோடியை எட்டி, பிறகு இறங்கத் தொடங்கும் என்பது ஐக்கிய நாடுகள் சபை 2024-ல் வெளியிட்ட மதிப்பீடு.

இனிமேல்தான் வேடிக்கை. பார்லிமெண்டில் மாகாணங்களுக்கு உரிய ஸ்தானங்கள் 1971-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நிறுத்தி வைக்கப்பட்டன; 2026-க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கு வரை அந்த ஏற்பாடு தொடரும் என்று 2001-ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. குடும்பத்தைச் சுருக்கிய தெற்குக்கு, அதனாலேயே ஸ்தானங்கள் குறையுமோ என்ற அச்சம் பிறந்தது. அந்த அச்சம் நியாயமானதே. சொன்னபடி நடந்தவனுக்குத் தண்டனை கொடுப்பது தர்மம் அல்ல. ஆனால் அதற்கு என்ன மருந்து சொன்னார்கள்? 2024 அக்டோபரில் ஆந்திர, தமிழ்நாட்டு முதன்மந்திரிகள் இருவருமே அதிகம் குழந்தை பெறுவதைப் பற்றிப் பேசினார்கள். இரண்டுக்கு மேல் பெற்றவர்கள் ஊராட்சித் தேர்தலில் நிற்கக்கூடாது என்று தடுத்திருந்த ஆந்திரம், அவ்வாண்டு நவம்பரில் அந்தத் தடையை நீக்கியது.

நேற்றுவரை குழந்தையின் வாயைப் பார்த்துப் பயந்தார்கள். இன்று அதன் வோட்டைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள். குழந்தையைக் குழந்தையாகப் பார்ப்பவர் யார்? ஸ்தானங்களைப் பங்கிடும் வழக்கைச் சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் பேசித் தீர்க்க வேண்டும்; பிரசவ அறையில் தீர்க்க முடியாது. எத்தனை குழந்தை என்பது அதைச் சுமக்கப் போகிறவள் முடிவு செய்ய வேண்டிய விஷயம். சர்க்கார் அவளிடம் குறைக்கச் சொல்லவும் வேண்டாம், கூட்டச் சொல்லவும் வேண்டாம்.

சர்க்கார் செய்யவேண்டிய வேலை வேறு நிறைய இருக்கிறது. பிறந்த குழந்தைக்குப் பாலும் பள்ளியும் வேண்டும். வளர்ந்த பிள்ளைக்கு வேலை வேண்டும். பிள்ளைகள் குறைந்துவிட்ட வீட்டில் தனித்திருக்கும் கிழவருக்கும் கிழவிக்கும் ஆதரவு வேண்டும். இவற்றைச் செய்யாத ராஜ்யத்துக்குப் பத்துக் கோடி ஜனங்களும் அதிகம்தான். செய்கிற ராஜ்யம் நூற்று நாற்பது கோடியைக் கண்டும் அஞ்ச வேண்டியதில்லை.