நீர்காத்த அய்யனார் வழி: நடக்கவும் வேண்டும், காக்கவும் வேண்டும்

ராஜபாளையத்திற்கு மேற்கே சுமார் 10 கிலோ மீட்டர் தொலைவில், மலையடிவாரத்தில் அய்யனார் கோயில் இருக்கிறது. போகும் வழியெல்லாம் தென்னந்தோப்பும் மாந்தோப்பும்தான். இடையில் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். அதையும் தாண்டினால் ஆறு. மூச்சு வாங்கும் ஏற்றம் கிடையாது. இடுப்பில் குழந்தையை வைத்த தாயும், தடி ஊன்றிய பாட்டியும் ஆற்றோரமாக மெல்ல நடந்து போய் வரலாம். ஆற்றில் தண்ணீர் ஓடும் காலத்தில், விடுமுறை நாள் என்றால் கட்டுச்சோற்று மூட்டையோடு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

அடுத்த நாள் காலையில் அதே வழியில் மண்வெட்டியோடு வருகிறவர் விவசாயி. மடையைத் திறந்தால் தண்ணீர் வருவதில்லை. கையை விட்டுப் பார்த்தால் பாலிதீன் பை அடைத்துக் கிடக்கிறது. வாய்க்காலில் இறங்கினால் சேற்றுக்குள் உடைந்த மதுப்புட்டி. செருப்பில்லாமல் சேற்றில் இறங்குகிற காலுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. வேலையாள் காலில் கண்ணாடி ஏறினால் ஒரு வாரக் கூலி போயிற்று. மாடு பிளாஸ்டிக் பையைத் தின்றால் மாடே போயிற்று.

இதனால்தான் மலையடிவார விவசாயிகளில் பலர், "இந்த வழியையே அடைத்துவிட்டால் என்ன?" என்கிறார்கள். நகரத்தார், "ஆறு எல்லாருக்கும் பொது; யார் தடுப்பது?" என்கிறார்கள். இரண்டிலும் பாதி நியாயம் இருக்கிறது. பாதி நியாயத்தை வைத்துக்கொண்டு ஆற்றைக் காப்பாற்ற முடியாது.

பெயரே சொல்லும் பொருள்

இந்தக் கோயிலின் சாமிக்கு நீர்காத்த அய்யனார் என்று பெயர். மழை குறைந்த இந்த மாவட்டத்தில் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளே உயிர். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கே கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வருகிற தண்ணீரைத் தேக்கி வைத்துத்தான் ராஜபாளையம் வட்டாரக் கண்மாய்ப் பாசனம் நடக்கிறது. ஆறாவது மைல் நீர்த்தேக்கமோ நகரத்தின் குடிநீருக்கு ஓர் ஆதாரம். ஆற்றில் சோப்பும் ஷாம்பும் போட்டுக் குளித்து, எச்சில் இலையையும் அங்கேயே வீசிவிட்டு வீடு திரும்புகிறவர், தம் வீட்டுக் குழாய்த் தண்ணீரைத் தாமே கெடுத்துவிட்டு வருகிறார் என்பதை உணர்வதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பிலும் இதே கதைதான். காட்டழகர் கோயிலுக்குப் புரட்டாசி சனிக்கிழமைகளில் கூட்டம் போகிறது. ஓடைக்கரை மரங்களிலும் பக்கத்துத் தோப்புகளின் மா, புளிய மரங்களிலும் நரை அணில் வாழ்கிறது. அதற்காகவே 1988-ல் இங்கு சரணாலயம் அமைந்தது. 2021-ல் இம்மலைகள் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாயின. அதாவது காட்டுக்கும் தோப்புக்கும் நடுவே வேலி இருக்கலாம். ஆனால் அணிலுக்கும் யானைக்கும் தண்ணீருக்கும் அந்த வேலி தெரியாது.

ஆபத்தும் உண்டு

எளிய வழி என்பதாலேயே ஏமாந்துவிடக் கூடாது. ஊரில் வெயில் அடிக்கும்; மலைமேல் பெய்த மழை சில நிமிடங்களில் ஆற்றில் இறங்கிவிடும். அய்யனார் கோயில் ஆற்றில் அக்கரையில் சிக்கியவர்களைத் தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி மீட்ட செய்திகள் பல முறை வந்துள்ளன. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்கள் 20 பேருக்கு மேல் மாண்டனர். ஆறு சிறியது என்பதால் அதன் கோபமும் சிறியதாக இருக்கும் என்று எண்ணுவது பேதைமை.

அடைப்பது தீர்வாகுமா?

ஆகாது. மக்கள் கண்ணில் படாத ஆறு மக்கள் மனதிலிருந்தும் போய்விடும். மணல் அள்ளினாலும், கரையை ஆக்கிரமித்தாலும் கேட்க ஆள் இருக்காது. நகரத்துப் பிள்ளைக்குத் தண்ணீர் குழாயில் வருகிறது என்று மட்டுமே தெரியும். அந்தப் பிள்ளை ஒரு நாள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஓடை, மடை, வாய்க்கால், கண்மாய் என்று வரிசையாக நடந்து பார்த்தால், பத்துப் பாடத்தில் படிக்காததைப் படித்துவிடும். நாளை அந்தக் கண்மாயைத் தூர்க்க யாராவது வந்தால் விவசாயிக்குத் துணையாக நிற்பதும் அந்தப் பிள்ளைதான்.

வருமானமும் இருக்கிறது. வியாபாரி தோப்பில் வந்து எடுக்கிற இளநீர் விலைக்கும் நடந்து களைத்தவர் குடிக்கிற இளநீர் விலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ராஜபாளையம் சப்பட்டை மாம்பழத்தை மரத்தடியிலேயே விற்க முடிந்தால் தரகும் இல்லை, வண்டிச் சத்தமும் இல்லை. 1999-ல் உழவர் சந்தை தொடங்கியது எந்த நோக்கத்திற்காகவோ, அதே நோக்கம் இங்கே வாய்க்கால் கரையிலேயே நிறைவேறும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, நடைபாதை காட்டுக்குள் போக வேண்டாம். அடிவாரத்திற்குக் கீழே, வாய்க்கால் கரையிலும் வண்டிப் பாதையிலும் அமைந்தால் போதும். கோவை மாவட்டத்தில் ஆழியாறு கால்வாய்க் கரையும் நடைவழியாக இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 வழிகளில் அதுவும் ஒன்று. உள்ளூர் மக்களையே வழிகாட்டிகளாக வைப்பது அத்திட்டத்தின் நல்ல அம்சம். இங்கும் பளியர் இளைஞர்களுக்கும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அந்த வேலை கிடைக்க வேண்டும்.

இரண்டாவதாக, நிலத்துக்காரர் சம்மதம் இல்லாத வரப்பில் யாரும் கால் வைக்கக் கூடாது. இங்கிலாந்தில் 1949-ல் வந்த சட்டப்படி நடைபாதைகளுக்கு வரைபடமே போட்டார்கள். பண்ணைகளுக்கு நடுவே பாதை போகிறது. நடப்பவர் பாதையை விட்டு விலகுவதில்லை, திறந்த படலை மூடிவிட்டுப் போகிறார். சம்மதமும் ஒழுங்கும் இருந்தால் வெள்ளாமையும் நடையும் பகையில்லை.

மூன்றாவதாக, புட்டிக்கு முன்பணம். நீலகிரி மாவட்டத்தில் 2022 முதல் மதுப்புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தருகிறார்கள். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அது பரவியது. நடைபாதை வாசலில் தண்ணீர்ப் புட்டிக்கும் அதையே செய்யலாம். மதுப்புட்டி என்றால் உள்ளேயே விடக் கூடாது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கிற்கு 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. அதை அமல் செய்தாலே பாதித் தொல்லை தீரும்.

நான்காவதாக, நேரம். யானையும் பன்றியும் இறங்கும் அந்திக்கும் இரவுக்கும் இடம் தராமல், வெயில் ஏறிய பின் திறந்து, வெயில் தாழும் முன் மூடிவிட வேண்டும். மலைமேல் மேகம் கட்டினால் அன்று நடை கிடையாது.

ஐந்தாவதாக, வசூலாகும் கட்டணத்தில் ஒரு பங்கு வாய்க்கால் பராமரிப்புக்கே போக வேண்டும். விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் 2000-லேயே வந்துவிட்டது. அச்சட்டப்படி அமையும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாம். பணம் ஓரிடத்திலும் குப்பை ஓரிடத்திலும் சேர்ந்தால் திட்டம் ஒரு வருஷம்கூடத் தாங்காது.

"இதையெல்லாம் யார் கண்காணிப்பது?" என்று கேட்கலாம். சரியான கேள்விதான். கண்காணிக்க ஆள் போடாமல் பலகை மட்டும் நடுவதானால், வழியை அடைத்துவிடுவதே மேல். அந்த விஷயத்தில் விவசாயிகளின் பக்கமே நியாயம் நிற்கும்.

ஆனால் ஆள் போட்டுச் செய்ய மனம் இருந்தால், இந்த ஆற்றோர நடை குடும்பங்களுக்கு ஒரு நல்ல பொழுதாகவும், விவசாயிக்கு ஒரு சிறு வருமானமாகவும், ஆற்றுக்கு ஆயிரம் காவலர்களாகவும் அமையும். நீரைக் காக்கும் வேலையை அய்யனார் தலையிலேயே கட்டிவிட்டு நாம் குளித்து விட்டுப் போவது முறையல்ல. இந்தக் கார்த்திகைத் தண்ணீர் வருவதற்குள் பாசன சங்கங்களும் ஊராட்சிகளும் வனத்துறையும் ஒரு நாள் ஆற்றங்கரையிலேயே கூடிப் பேசுவது நல்லது.