மருந்தேற்றிய மரமும் சொல்லப்படாத செய்தியும்

வைரம் பாய்ந்த மரமா என்று தட்டிப் பார்த்து வாங்கியவர்கள் எமது முன்னோர்கள். எந்த வளவில் நின்றது, எப்போது தறித்தது, எத்தனை மாதம் குளத்தில் ஊறப்போட்டது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மரத்தோடு அதன் வரலாறும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தது. இடம்பெயர்ந்து, இருந்த மரங்களையும் வளவுகளையும் இழந்து, மீண்டும் ஒரு கூரையை எழுப்ப முயலும் குடும்பங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கைக்குக் கிடைக்கும் மரம் எங்கோ வளர்ந்தது; எங்கோ அறுக்கப்பட்டது; சில வேளை எங்கோ மருந்தும் ஏற்றப்பட்டது. அதைப் பற்றி எவரும் எதுவும் சொல்வதில்லை.

இந்த மௌனம் நல்லதல்ல என்பதே எமது கருத்து. அதை விளக்க வாசகர்களைத் தூரத்துக்கு, பனி கொட்டும் ஒரு மலைநாட்டுக்கு, அழைத்துச் செல்ல விரும்புகிறோம். கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் உறவினர் அனுப்பும் படங்களில், வீட்டின் பின்புறத்தில் பலகையால் அமைத்த திறந்த தளம் ஒன்றைப் பலரும் கண்டிருப்பீர்கள். அவர்கள் அதை 'டெக்' என்பார்கள். எமது திண்ணையைப் போன்றது. ஆனால் மண்ணில் கிடவாமல் தூண்களின் மேல் நிற்பது. பெரும்பாலும் மருந்தேற்றிய மரத்தால் ஆனது.

பனியின் பாரம்

கலிபோர்னியா மாநிலத்தின் கிழக்கே சியரா நெவாடா மலைத்தொடர் உள்ளது. 1846ஆம் ஆண்டு மாட்டு வண்டில்களில் மேற்கு நோக்கிப் புறப்பட்ட குடும்பங்களின் கூட்டமொன்று அங்கே பனியில் அகப்பட்டது. அவர்களுள் கமக்காரக் குடும்பங்களும் இருந்தன. ஏறக்குறைய பாதிப்பேர் 1847 வசந்தத்தைக் காணவில்லை. அவர்களின் நினைவாக ட்றக்கி நகருக்கு அருகே எழுப்பிய சின்னத்தின் பீடம் 22 அடி உயரமானது. அந்த மாரியில் பனி நின்ற உயரத்தையே அது குறிக்கிறது.

அத்தகைய இடத்தில் பலகைத் தளம் கட்டுவதென்றால் முதலில் போடவேண்டியது கணக்கு. அந்நாட்டில் வழமையான தளமொன்றைச் சதுர அடிக்கு 40 இறாத்தல் பாரம் தாங்கும்படி அமைப்பார்கள். ஆட்கள் கூடி நின்று விருந்துண்பதற்கு அது போதும். ஆனால் சியரா நெவாடாவின் உயரமான இடங்கள் சிலவற்றில் பனியின் சுமையே சதுர அடிக்கு 200 இறாத்தலுக்கு மேல் எனக் கணிக்கப்படுகிறது. பத்தடிக்குப் பத்தடி தளத்தில் இது 20,000 இறாத்தல், அதாவது 9 தொன். 50 கிலோ அரிசி மூடைகள் 180ஐ ஒரு சிறு திண்ணையில் அடுக்கி, மாதக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பதற்கு அது சமம்.

புதிதாக விழும் பனி பஞ்சு போன்றது. கிடக்கக் கிடக்க அது இறுகும். மழையும் சேர்ந்தால் நீரைக் குடித்துப் பாரமேறும். வசந்த காலத்தில் அதன் எடை அதே அளவு நீரின் எடையில் பாதியை நெருங்கலாம். கூரையில் தங்கிய பனி ஒரேயடியாகச் சரிந்து தளத்தில் விழுவதும் உண்டு. எனவே அங்குள்ள நல்ல தச்சர் சாதாரண மாரியை வைத்து அளப்பதில்லை. மிகக் கடுமையான மாரியை வைத்தே வளையின் தடிப்பையும் தூணின் இடைவெளியையும் தீர்மானிக்கிறார்.

நிலத்தின் கீழும் கவனம் வேண்டும். நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பருக்கிறது. அதோடு, உறையும் மண் கீழிருந்து மேலும் ஈரத்தை உறிஞ்சிப் பனிக்கட்டித் தட்டுகளாக வளர்க்கிறது. மேலோட்டமாக ஊன்றிய தூணை இந்த மண் மாரியில் தூக்கிவிடும். கோடையில் கீழே விடும். சில ஆண்டுகளில் தளம் கோணி, வீட்டோடு பொருத்திய இடத்தில் பிளவு காணும். ஆகவே உறைபனி எட்டாத ஆழத்தில் கொங்கிறீற் அடித்தளம் இட்டு, அதன் மேலேதான் தூணை நிறுத்துவார்கள்.

மருந்து செய்வதும் செய்யாததும்

மரத்துக்கு மருந்தேற்றும் முறை பழையது. 1838ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் பெதெல் ஒரு முறைக்கு உரிமை பெற்றார். மரத்தை இரும்பு உருளைக்குள் அடைத்து, உள்ளிருக்கும் காற்றை இழுத்து, பின் தார் எண்ணெயை அழுத்தத்தோடு செலுத்துவது அம்முறை. இரயில் பாதைச் சிலிப்பர் கட்டைகள் பல இப்படித்தான் ஆயுள் பெற்றன.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் எமது அயல்நாட்டவர் என்பது பலருக்குத் தெரியாது. இந்தியாவின் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சோண்டி காமேசன், 1930களில் செப்பு, குரோமியம், ஆசனிக் ஆகிய மூன்றும் சேர்ந்த மருந்தொன்றைக் கண்டார். செப்பு பூஞ்சணத்தைத் தடுக்கும். ஆசனிக் எனும் பாஷாணம் கறையானைக் கொல்லும். குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிணைக்கும். 'ஆஸ்கு' என்ற பெயரில் வெளிவந்த இம்மருந்து உலகெங்கும் பரவியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வீடுகளின் பலகைத் தளங்கள் பெரும்பாலும் இதனையே உண்டிருந்தன.

ஆனால் மருந்தேற்றியது என்ற சொல்லை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. மருந்து வெளிறு மரத்தில் இலகுவாக ஊறும், வைரத்தில் ஊறாது. அமெரிக்காவின் மேற்கு மலைகளில் வளரும் சில ஊசியிலை மரங்கள் மருந்தை ஏற்க மறுப்பதால், பலகையின் முகமெங்கும் சிறு கீறல்கள் இட்டே அதனைச் செலுத்துகிறார்கள். அப்படியிருந்தும் அது மேற்பரப்பின் கீழே சிறு தடிப்புக்குத்தான் இறங்கும். தச்சர் பலகையை அறுத்தவுடன் மருந்தில்லாத உள்மரம் வெளியே தெரிகிறது. அறுத்த முனைக்குச் செப்புக் கலந்த மருந்தைத் தூரிகையால் பூசாவிட்டால் உக்கல் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஆணியும் அப்படியே. இப்போது பயன்படும் செப்பு மிகுந்த புதிய மருந்துகள் சாதாரண இரும்பாணியை விரைவாக அரிக்கின்றன. உருகிய நாகத்தில் தோய்த்த ஆணியோ துருப்பிடிக்காத உருக்கோ வேண்டும். வீட்டுச் சுவரோடு தளத்தைப் பிணைக்கும் பலகையை வெறும் ஆணியால் அறையாமல் போல்ட் இட்டு முடுக்க வேண்டும். தளம் இடிந்து விழும்போது பெரும்பாலும் முதலில் கழன்று போவது அந்தப் பலகைதான்.

நீர் தேங்கினால் என்ன நடக்கும் என்பதை 2015 ஜூன் மாதம் பேர்க்லி நகரில் உலகம் கண்டது. அது பனிமலை அல்ல; மாடி வீடொன்றின் பல்கனி. உள்ளே புகுந்த மழைநீர் வெளியேற வழியின்றித் தாங்குமரங்களை உக்கச் செய்திருந்தது.  அன்றிரவு பல்கனி முறிந்து ஆறு இளையோர் உயிரிழந்தனர். அவர்களில் ஐவர் கோடை விடுமுறையில் வேலை செய்ய வந்த அயர்லாந்து மாணவர்கள். அதன் பின், 2018இல், இத்தகைய கட்டமைப்புகளைக் காலத்துக்குக் காலம் பரிசோதிக்க வேண்டுமென்று கலிபோர்னியா சட்டம் இயற்றியது. ஆறு உயிர்கள் போன பின்னர்தான் அச்சட்டம் வந்தது.

அடுப்புக்குள் போன விறகு

இனி, எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறோம். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநில நாட்டுப்புறத்தில் எட்டுப்பேர் கொண்ட ஒரு குடும்பம் வாழ்ந்தது. மாரி காலம் வந்தால் அவர்கள் யாவரும் நோயுற்றனர், மயிர் கொட்டியது, தோல் புண்ணானது. கோடையில் ஓரளவு தேறினர். மீண்டும் மாரி, மீண்டும் நோய். இப்படியே சில ஆண்டுகள் சென்றன. வீட்டைச் சூடாக்கும் அடுப்பில் அவர்கள் எரித்தது ஆசனிக் மருந்தேற்றிய மரத் துண்டுகள் என்பது பின்னரே தெரியவந்தது. 1984இல் மருத்துவ சஞ்சிகை ஒன்றில் இச்செய்தி வெளியாயிற்று. நெருப்பு மரத்தை எரித்ததே தவிரப் பாஷாணத்தை அழிக்கவில்லை; அது புகையிலும் சாம்பலிலும் வீடெங்கும் பரவியது.

2003ஆம் ஆண்டு முடிவோடு வீட்டுத் தளங்களுக்கும் சிறுவர் விளையாட்டுச் சாதனங்களுக்கும் இம்மருந்தேற்றிய மரத்தை உற்பத்தி செய்வது அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. ஆனால் ஏற்கனவே கட்டியவற்றைக் கழற்றும்படி எவரும் கட்டளையிடவில்லை. பழைய தளங்கள் காலப்போக்கில் கழற்றப்படுகின்றன, பலகைகள் கைமாறுகின்றன. கைமாறும்போது முதலில் தொலைந்து போவது மரத்தைப் பற்றிய செய்திதான்.

எமது நிலைமை

எமது மண்ணில் பனி இல்லை. ஆனால் கழித்த மரம் உண்டு. வடபகுதி இரயில் பாதையின் சிலிப்பர் கட்டைகள் யுத்த காலத்தில் பதுங்கு குழிகளுக்குப் போனதை யாவரும் அறிவர். அவ்வாறான கட்டைகளும் பழைய கம்பங்களும், பொதிப்பெட்டிப் பலகைகளும் வேலிக்கும் தொழுவத்துக்கும், ஈற்றில் அடுப்புக்கும் வந்து சேர்கின்றன. எதில் தார் எண்ணெய் ஏறியது, எதில் உப்பு மருந்து ஏறியது, எது வெறும் மரம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

'கூரையே இல்லாதவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு? கிடைத்ததை வைத்துக் கட்டட்டும்' என்று சிலர் கூறக்கூடும். மழைக்கு முன் பிள்ளைகளுக்கு ஒரு மறைப்பு வேண்டும் என்ற அவசரம் எமக்கும் தெரியும். மருந்தேற்றிய மரத்தை ஒதுக்கும்படி நாம் கூறவுமில்லை. கறையான் நிறைந்த எமது நிலத்தில் அது பல ஆண்டுகள் நிலைக்கும், காட்டையும் காக்கும். ஆனால் ஏழைக்குக் கொடுக்கும் பொருளுக்கு விளக்கம் தேவையில்லை என்ற எண்ணத்தை நாம் ஏற்கமாட்டோம். கடையில் காசு கொடுத்து வாங்குபவருக்குப் பலகையில் சீட்டு ஒட்டிக் கொடுக்கிறார்கள். அதே பலகை உதவியாக வரும்போது சீட்டு ஏன் காணாமற் போகிறது?

மரம் வழங்குவோரிடம் மூன்று கேள்விகளைக் கேட்பது எமது மக்களின் உரிமை. இதில் ஏறியிருக்கும் மருந்து எது? இதை மண்ணில் ஊன்றலாமா, கூரைக்குள் மட்டுமா? மிஞ்சும் துண்டை என்ன செய்வது? இரண்டாவது கேள்வி மிக முக்கியமானது. உதாரணமாக, எமது நாட்டில் இறப்பர் மரத்துக்கு ஏற்றப்படும் போரக்ஸ் வகை மருந்து மனிதருக்குப் பெரும் கேடில்லாதது. ஆனால் மழை பட்டால் கரைந்து போய்விடும். அதைத் தூணாக ஊன்றினால் கறையானுக்கு விருந்து வைத்ததாகவே முடியும்.

பதில் கிடைக்காத மரத்தை மருந்தேறியதென்றே எண்ணி நடப்பது புத்தி. அதை அடுப்பில் வைக்க வேண்டாம். சாம்பலைத் தோட்டத்துக்குப் போடவும் வேண்டாம். நெல் கொட்டும் பெட்டிக்கும் ஆடுமாட்டுத் தொட்டிக்கும் கிணற்று வாய்க்கும் அது உகந்ததல்ல. அறுக்கும்போது மூக்கை மூடுங்கள். தூளைக் கூட்டி ஒதுக்குங்கள். தூணை மண்ணுக்குள் இறக்காமல் சீமெந்துக் கட்டையின் மேல் நிறுத்தினால், மருந்து ஏறியதோ இல்லையோ, அதன் ஆயுள் கூடும்.

பனிமலைத் தச்சரிடம் படிக்க வேண்டியது இன்னுமொன்று உண்டு. அவர் கொடிய மாரியை வைத்து அளக்கிறார். எமக்குக் கொடிய நாள் என்பது 1978இல் மட்டக்களப்பைத் தாக்கியதைப் போன்ற சூறாவளி. அங்கே பனி கூரையைக் கீழே அமுக்குகிறது; இங்கே காற்று மேலே பிடுங்குகிறது. எனவே வளையைத் தூணோடும் தூணை அடித்தளத்தோடும் இரும்புப் பட்டியால் பிணைப்பது எமக்குரிய கணக்கு. வீட்டுத்திட்டம் வகுப்போர் அமைதியான நாளை வைத்து மரத்தின் அளவைக் குறைத்தால், கொடிய நாளின் நட்டத்தை அந்த வீட்டில் குடியிருப்பவரே சுமக்க நேரும்.

ஒருமுறை எல்லாவற்றையும் விட்டு வெளியேறிய குடும்பம் மீண்டும் கட்டும் வீடு, மற்றவர் வீட்டை விட உறுதியாக இருக்க வேண்டும். ஏனெனில் அது விழுந்தால் மூன்றாம் முறை கட்டுவதற்கு அவர்களிடம் எதுவும் மிஞ்சியிராது. ஆகவே மரம் கொடுப்போர் அதன் வரலாற்றையும் சேர்த்துக் கொடுக்கட்டும். கொடுக்காவிட்டால், கை நீட்டுமுன் நாம் கேட்போம்.