பயணத் திட்டத்தின் முதல் வரி எது?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்



நம் மதரஸாவில் பயிலும் மாணவி ஒருத்தியின் தந்தை சென்ற மாதம் ஜித்தாவிலிருந்து அழைத்தார். குடும்பத்தை விசிட் விசாவில் வரவழைத்திருக்கிறார். உம்ரா நிறைவேறிவிட்டது. இனித் தம் காரிலேயே மதீனா, அல்உலா, தபூக் என ஆறு நாள் சுற்றி வரத் திட்டம். பிள்ளைகள் காணொளிகளைப் பார்த்து, காண வேண்டிய இடங்களைக் குறித்து வைத்துவிட்டனர். "உஸ்தாத், எங்கெங்கே கஸ்ர் செய்யலாம் என்பதை மட்டும் சொல்லுங்கள்" என்று அட்டவணையை அனுப்பினார்.

படித்துப் பார்த்தோம். வியாழன் இரவு பத்து மணிக்கு, பணி முடிந்த கையோடு புறப்பாடு. தஹஜ்ஜுத் வேளையில் மதீனா. வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் அல்உலா. ஜித்தாவிலிருந்து மதீனாவுக்கு 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து அல்உலாவுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். உணவு, தங்குமிடம், படம் எடுக்கும் இடம் என அனைத்துக்கும் நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. வாகனம் ஓட்டும் அந்த ஒரு மனிதர் உறங்குவதற்கு மட்டும் அதில் இடமில்லை.

கஸ்ர் பற்றிய விடையைப் பிறகு சொல்கிறோம் என்று கூறி, முதலில் உறக்கத்தைப் பற்றித்தான் அவரிடம் பேசினோம். அதையே இங்கும் பேச விரும்புகிறோம்.

களைப்பு தவக்குல் ஆகாது

சில ஆண்டுகளுக்கு முன் நாம் உம்ரா சென்றிருந்தபோது, நண்பர்கள் சிலருடன் ஒரு வேனில் இரவில் பயணித்தோம். பின்னிரவில் அனைவரும் உறங்கிவிட்டோம். ஓட்டியவரும் சில நொடிகள் கண்ணயர்ந்துவிட்டார். சக்கரம் சாலையோரச் சரளையில் ஏறிய ஒலிதான் எங்களை எழுப்பியது. அல்லாஹ் காத்தான். ஆனால் "அல்லாஹ் காப்பான், ஓட்டுங்கள்" என்று இரவு உணவின்போது சொன்னவர்களும் நாங்களே. அந்தச் சொல்லை இன்றும் வெட்கத்தோடு நினைக்கிறோம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை மேடைதோறும் கூறுகிறோம். நம் காலத்து ஒட்டகத்தைக் கட்டுவது என்பது ஓட்டுநர் வயிறாற உண்டு, கண்ணாற உறங்குவதுதான். இரவில் தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்குமாறும், அது விலங்குகள் நடமாடும் வழி என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் அறிவுரை உண்டு. சவூதியின் பாலைவனச் சாலைகளில் இரவில் குறுக்கிடும் ஒட்டகங்களால் நேரும் விபத்துகளை அறிந்தவர்களுக்கு அந்த அறிவுரையின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

வளைகுடாவில் உழைக்கும் தந்தையர், தாம் இல்லாத நாள்களுக்கு ஈடாக ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் காட்டிவிடத் துடிக்கிறார்கள். அந்த அன்பை நாம் மதிக்கிறோம். ஆனால் பிள்ளைகளுக்குத் தேவை இன்னோர் ஊர் அன்று; வீடு திரும்பும் தந்தை. மனைவியிடம் அங்கு செல்லும் உரிமம் இருந்தால் அவரும் ஓட்டலாம். 2018 ஜூன் முதல் அந்நாட்டில் அதற்குத் தடையில்லை. இல்லையெனில் ஊர்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தபூக் கற்பிக்கும் திட்டமிடல்

இந்தக் குடும்பம் செல்லவிருந்த திசையிலேயே ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் ஒரு பெரும் பயணம் நிகழ்ந்தது. மதீனாவிலிருந்து தபூக் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். படையெடுப்புகளின்போது செல்லுமிடத்தை வெளிப்படையாகக் கூறாதிருப்பதே நபி (ஸல்) அவர்களின் வழக்கம். தபூக்கின்போது மட்டும், கடும் வெப்பத்தையும் நெடுந்தொலைவையும் கருதி, மக்கள் தக்கபடி ஆயத்தமாவதற்காக இலக்கை முன்கூட்டியே அறிவித்தார்கள்.

அதே செய்தியை அறிவிக்கும் கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தம் குறையையும் மறைக்கவில்லை. வசதியும் வாகனமும் இருந்தும், நாளை ஆயத்தமாகலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டார்கள்; படை கடந்து போயிற்று. ஐம்பது நாள்கள் மனம் நொந்தபின் அவர்களின் தவ்பா ஏற்கப்பட்டது. ஆயத்தம் என்பது மார்க்கத்துக்குப் புறம்பான உலக வேலை என்று எண்ணுவோர் இந்த வரலாற்றை மீண்டும் படிக்க வேண்டும். மாற்றுச் சக்கரம், மிகுதியான தண்ணீர், அடுத்த பெட்ரோல் நிலையம் எத்தனை தொலைவில் என்ற கணக்கு, குளிர்காலமாயின் பாலைவன இரவுக்கான கம்பளி ஆகிய அனைத்தும் அந்த ஆயத்தத்தில் அடங்கும்.

ஹிஜ்ரில் எப்படி நடப்பது?

அல்உலாவுக்கு வடக்கே, சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் அல்ஹிஜ்ர் இருக்கிறது. மதாயின் ஸாலிஹ் என்றும் அழைப்பர். திருக்குர்ஆனின் 15ஆம் அத்தியாயம் இப்பெயரையே தாங்கியுள்ளது. 2008இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. சவூதியில் அந்தத் தகுதியை முதலில் பெற்ற இடம் இதுவே. பாறையில் குடைந்த கல்லறைகள் நூற்றுக்கும் மேல் உள்ளன. அவை நபத்தேயர் காலத்தவை எனத் தொல்லியலார் கூறுகின்றனர். அங்குள்ள கல்வெட்டுகளும் அதற்குச் சான்று. ஆகவே ஸமூது கூட்டத்தாரைப் பற்றிய எச்சரிக்கை இங்குப் பொருந்தாது என்று வாதிடுவோர் உண்டு.

இந்த வாதம் நமக்கு நிறைவளிக்கவில்லை. இன்று நிற்கும் முகப்பைச் செதுக்கியவர் யார் என்பது ஒன்று. அந்த நிலத்தில் நபி (ஸல்) அவர்கள் எப்படி நடந்தார்கள் என்பது வேறொன்று. தபூக் செல்லும் வழியில் அங்கு வந்தபோது தலையை மறைத்துக்கொண்டு, விரைந்து கடந்தார்கள். அழுதவர்களாகவே அன்றி அந்த வசிப்பிடங்களுள் நுழைய வேண்டாம் என்றார்கள். தோழர்கள் அங்கு இறைத்த நீரைக் கொட்டிவிடவும், அதில் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்கு இடவும், ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகம் நீர் அருந்திய கிணற்றிலிருந்து எடுத்துக்கொள்ளவும் பணித்தார்கள்.

கேளிக்கைக்காக அங்குச் செல்லவே கூடாது என்கின்றனர் ஆலிம்களில் ஒரு சாரார். படிப்பினைக்காகச் செல்லலாம் என்கின்றனர் மற்றொரு சாரார். பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைக் காணுமாறு குர்ஆன் பன்முறை அழைப்பதால், இரண்டாம் கருத்துக்கும் இடமிருக்கிறது என்றே நாம் கருதுகிறோம். ஆனால் அதற்கொரு நிபந்தனை உண்டு. முந்தைய இரவே அந்த வரலாற்றைப் பிள்ளைகளிடம் கூறுங்கள். அங்கு விருந்தும் ஆரவாரமும் வேண்டாம். விதவிதமாக நின்று படம் எடுப்பதும் வேண்டாம். இந்த ஒழுங்கைக் காக்க இயலாத குடும்பம், அவ்விடத்தைத் திட்டத்திலிருந்து நீக்கிவிடுவதே நன்று. இழப்பு ஏதுமில்லை.

மாறாக, அல்உலாவை அடுத்துள்ள ஷரஆன் இயற்கைக் காப்பகம் மனம் திறந்து மகிழத்தக்க இடம். அங்கே செந்நிறப் பாறைகளுக்கிடையே மலையாடுகளும் மான்களும் மீண்டும் விடப்பட்டுள்ளன. இத்தகைய காப்பு நமக்குப் புதிதன்று. மதீனாவைப் புனித எல்லையாக்கி அதன் மரங்களையும் விலங்குகளையும் நபி (ஸல்) காத்தார்கள். நகீஃ என்னும் மேய்ச்சல் நிலத்தை ஹிமாவாக ஒதுக்கினார்கள். அதைச் சொல்லிக் காட்டிவிட்டு, பிள்ளைகள் குப்பையைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவருமாறு பழக்குங்கள்.

தொழுகைக் கணக்கு

இனி, அவர் கேட்ட கேள்விக்கு வருவோம். சுமார் 80 கிலோமீட்டர் தொலைவை இரு மத்ஹபினரும் சிறு வேறுபாட்டுடன் பயண எல்லையாகக் கொள்கின்றனர். ஊரெல்லையைக் கடந்தபின் நான்கு ரக்அத் தொழுகை இரண்டாகும். ஷாஃபிஈ மத்ஹபில் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் பயணத்தில் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் அரஃபா, முஸ்தலிஃபா நீங்கலாகச் சேர்த்துத் தொழுதல் இல்லை. ஓரிடத்தில் தங்கும் நாள்களுக்கான வரம்பு ஷாஃபிஈயில் வரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு, ஹனஃபியில் பதினைந்து. உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் இரு சாராரும் முழுமையாகவே தொழ வேண்டும்.

நம் குடும்பங்களில் கணவர் ஒரு மத்ஹபு, மனைவி ஒரு மத்ஹபு என்றிருப்பது இயல்பு. ஆகவே வண்டியை எங்கே நிறுத்துவது என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். மூவர் பயணித்தாலும் ஒருவரை அமீராக்கச் சொன்னது, நடுவழியில் இத்தகைய வாக்குவாதம் எழாமலிருக்கத்தான்.

இரண்டு நாள் கழித்து அந்தச் சகோதரர் புதிய அட்டவணையை அனுப்பினார். தபூக் நீக்கப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், உறங்கி எழுந்து புறப்பாடு. மதீனாவில் இரண்டு இரவு. "பிள்ளைகளுக்கு வருத்தம்தான் உஸ்தாத். ஆனால் இவளுக்கு நிம்மதி" என்றார். அதுவரை அந்தச் சகோதரியின் கருத்தை யாரும் கேட்டிருக்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தோம், நாமும் கேட்கவில்லை.

பயணியின் துஆ மறுக்கப்படாத துஆக்களில் ஒன்று. விழித்த கண்ணும் அமைதியான உள்ளமும் இருந்தால்தான் அந்த துஆவும் நாவில் வரும். நம் பயணங்களை அல்லாஹ் நன்மையாக்கி, சென்றவர் அனைவரையும் நலமுடன் தம் இல்லம் சேர்ப்பானாக. ஆமீன்.