மறுப்பும் புகாரும்: ஸ்டெனோவை முன்வைத்து

அறிவியலாளர் ஒருவர் கத்தோலிக்கக் குருவானால் அவரைப் பற்றி இரண்டு கதைகளே வழங்குகின்றன. நல்லதோர் ஆய்வாளரைச் சமயம் விழுங்கிவிட்டது என்பது ஒன்று. அறிவியலுக்கும் சமயத்துக்கும் பகையில்லை என்பதற்கு அவரே சான்று என்பது மற்றொன்று. நிக்கோலஸ் ஸ்டெனோவின் (1638–1686) வாழ்க்கை இரண்டுக்குள்ளும் அடங்குவதில்லை.

கோபன்ஹேகனில் லூத்தரன் குடும்பத்தில் பிறந்த உடற்கூற்றியலாளர் அவர். கன்னத்து உமிழ்நீர் நாளம் ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1665இல் பாரிஸில் ஆற்றிய உரையில், மூளையைப் பற்றி நாம் அறிந்தது மிகச் சொற்பம் என்று ஒப்புக்கொண்டார். தேக்கார்த்தின் விளக்கம் அறுத்துப் பார்த்த மூளையோடு பொருந்தவில்லை என்றும் காட்டினார். மறு ஆண்டு லிவோர்னோ அருகே பிடிபட்ட சுறாவின் தலையை ஆராய்ந்து, 'நாக்குக் கற்கள்' எனப்பட்டவை சுறாப் பற்களே என வாதிட்டார். பாறைப் படிவுகளில் கீழடுக்கே மூத்தது என்னும் நிலவியலின் அடிப்படை விதி, 1669இல் வெளிவந்த அவரது சிறு நூலில் உள்ளது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் கத்தோலிக்கராகியிருந்தார். ஆக, மதமாற்றம் அவரது ஆய்வை உடனே முடக்கிவிடவில்லை.

1675இல் குருப்பட்டம் பெற்றார்; 1677இல் ஆயரானார். அறிவியல் மெல்லப் பின்தங்கியது. பெரிய அறிவியலாளர் நடுத்தரமான இறையியலாளராகிவிட்டார் என்று லைப்னிட்ஸ் பின்னாளில் குறைபட்டுக்கொண்டார். முதல் கதையினருக்கு இது போதும். இரண்டாம் கதையினர் 1988இல் அவருக்கு அளிக்கப்பட்ட அருளாளர் பட்டத்தைச் சுட்டுவார்கள்.

இரு தரப்பும் கடந்துபோகும் நிகழ்வு ஒன்று உண்டு. லெய்டனில் பயின்ற நாளிலேயே ஸ்டெனோ ஸ்பினோசாவை அறிந்தவர். 1675இல் ஸ்பினோசாவின் மெய்யியலை மறுத்து ஒரு திறந்த மடலை அச்சிட்டார். 1677இல், ஸ்பினோசா இறந்த சில மாதங்களில், அவரது 'அறவியல்' நூலின் கையெழுத்துப் படியை ரோமின் விசாரணை மன்றத்திடம் புகாருடன் ஒப்படைத்தார். அந்நூலுக்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே கையெழுத்துப் படி அதுதான். தடுக்கக் கொடுத்தது, காக்கப்பட்டுவிட்டது.

மடலை எழுத வைத்ததும் சமயப் பற்றே. படியை ஒப்படைக்க வைத்ததும் அதே பற்றே. ஆயினும் முன்னது மறுப்பு, பின்னது புகார். மறுப்பு எதிராளிக்குப் பதில் சொல்ல இடம் தருகிறது. புகார் அந்த இடத்தை அடைக்கிறது. ஸ்டெனோவிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி அவர் ஏன் குருவானார் என்பதன்று; தேக்கார்த்துக்கு வாதத்தால் விடை சொன்னவர், ஸ்பினோசாவுக்கு மட்டும் ஏன் மன்றத்தை நாடினார் என்பதே.

இக்கேள்வி பதினேழாம் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை. ஏ.கே. இராமானுஜனின் இராமாயணக் கட்டுரை 2011இல் டெல்லிப் பல்கலைக்கழக வரலாற்றுப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு மறுப்புக் கட்டுரை எழுத யாருக்கும் எந்தத் தடையும் இருக்கவில்லை. நம்பிக்கை கொண்ட ஆய்வாளரைக் கண்டு நான் அஞ்சவில்லை. மறுப்பை எழுதத் தெரிந்திருந்தும் புகாரை எழுதும் ஆய்வாளரைக் கண்டே அஞ்சுகிறேன். அவர் எந்தச் சமயத்தவராகவும், எச்சமயமும் சாராதவராகவும் இருக்கக்கூடும்.